ஏர்பேட்டில் மூழ்கிய அறை

ஏர்பேடு ஸ்டேஷனில் இறங்கி ரயில் பாதையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால், யுத்த காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் போட்டு, யுத்தம் முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போன தகரக் கொட்டகை ஒன்று வரும். சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லைகள். கடல் பார்க்க ஆசைப்பட்டால் சூளூர்ப்பேட்டையைத் தாண்டிப் போக வேண்டும். அப்பேர்ப்பட்ட இடத்தில், காய்ந்த செம்மண் தரையில், திருப்பதி சிட்டிபாபு நாயுடு ஒரு நீர்மூழ்கிக் கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தான்.

முழுக் கப்பல் இல்லை. அதன் நடு அறை மட்டும். கப்பலை மூழ்கடிப்பதும், மேலே எழுப்புவதும், திருப்புவதும் அந்த ஓர் அறைக்குள் இருந்துதான். கன்ட்ரோல் ரூம் என்பார்கள். நம் அரசாங்கத்திடம் அப்போது ஒரு நீர்மூழ்கியும் கிடையாது. என்றைக்காவது வாங்கத்தானே போகிறார்கள், வாங்கினால் ஆட்களைப் பழக்க வேண்டாமா, நிஜக் கப்பலிலேயே பழக்கினால் முதல் நாளே எல்லோருக்கும் ஜலசமாதி அல்லவா என்பது சிட்டிபாபுவின் வாதம். கரையிலேயே ஒரு போலி அறை இருந்தால் அதில் தப்புச் செய்தாலும் உயிர் போகாது. கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரிய மனிதர், "செய்து காட்டு, பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பி, லாரிக்கு பாடி கட்டும் பட்டறையை மச்சினன் தலையில் கட்டிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டான். சிலருக்குத் தலையில் ஒன்று ஏறிவிட்டால் இறங்காது.

சிட்டிபாபு கைகாரன். படங்களைப் பார்த்தே இரும்புத் தகட்டை வளைத்து, மரச் சட்டம் பூட்டி, தொட்டில் போல ஆடும் கட்டைமேல் அறையை ஏற்றி வைத்துவிட்டான். வெளியே நாலு பேர் நெம்புகோலை அமுக்கினால் உள்ளே தரை சரியும். மூழ்குவது போலவே இருக்கும். ஒரே குறை, அவன் நிஜத்தைப் பார்த்ததில்லை. பார்த்தவன் ஒருவன் உள்ளே உட்கார்ந்து, இது சரி, இது தப்பு என்று சொல்ல வேண்டும். அப்படி ஒருவன் நகரியில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு ஆள் அனுப்பினான்.

அவன்தான் சம்பத். நெசவுக் குடும்பத்தில் பிறந்து தறியில் உட்காராமல் ஓடிப்போனவன். யுத்தத்தின்போது தம்பி முனிகிருஷ்ணனையும் இழுத்துக்கொண்டு திருகோணமலைக்குப் போய், அங்கே டாக்யார்டில் பிட்டராக வேலை பார்த்தான். வெள்ளைக்காரனின் நீர்மூழ்கிகள் பழுது பார்க்க அங்கேதான் வரும். பழுது பார்த்து முடித்ததும் கப்பலை வெளிக்கடலில் ஒருமுறை மூழ்க வைத்துப் பார்ப்பார்கள். அந்த முதல் முழுக்குக்குப் பழுது பார்த்த பிட்டர்களும் கூடப் போக வேண்டும் என்பது அங்கே பழக்கம். தன் உயிரும் உள்ளே இருந்தால்தான் ஒருவன் திருகாணியைச் சரியாக முடுக்குவான் என்று கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன்.

ஒரு முழுக்குக்குத் தம்பி போனான். கப்பல் மேலே வரவில்லை. அண்ணன் அன்றைக்கு வேறு கப்பலில் வேலையாக இருந்தான். அதில் யார் தப்பும் இல்லை. தப்பு இருந்திருந்தால் குறைந்தபட்சம் திட்டிக்கொள்ளவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

நகரியில் முனிகிருஷ்ணனுக்குக் கல்யாணமாகி ஒரு தீபாவளிகூடத் தாண்டியிருக்கவில்லை. அவன் மனைவி தாட்சாயணிக்கு டாக்யார்டிலிருந்து வந்த காகிதத்தில் 'காணவில்லை' என்றுதான் இருந்தது. காணவில்லை என்றால் தேடினால் கிடைக்கும் என்றுதானே அர்த்தம்? அவள் தாலியைக் கழற்றவில்லை. நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை. உடம்பைக் கண்ணால் பார்க்காமல் காரியம் செய்யச் சொல்லும் தைரியம் ஊரில் யாருக்கும் வரவில்லை. பதினாறு வருஷம் அப்படியே போய்விட்டது. கல்யாண வீடுகளில் அவளை முன்னால் நிறுத்தவும் மாட்டார்கள், பின்னால் போ என்று சொல்லவும் மாட்டார்கள். நரை மட்டும் யாரையும் கேட்காமல் வந்துவிட்டது.

அந்த வருஷம் எல்லைப் பேச்சு முற்றியிருந்தது. திருத்தணி மதராசுக்கு, நகரி ஆந்திராவுக்கு என்று முடிவாகிவிட்டதாகச் சொன்னார்கள். சுவரெல்லாம் தார் எழுத்து. தாட்சாயணியின் தாய்வீடு திருத்தணி. அவள் தம்பி வாரம் தவறாமல் வந்து, "கோடு போடறதுக்குள்ள எங்கூட வந்துடுக்கா" என்பான். "வர்றேன். ஆனா இன்னாவா வர்றது? பொண்டாட்டியாவா, அறுத்தவளாவா?" என்று அவள் கேட்பாள். அவன் காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பான்.

சம்பத் அறைக்குள் முதல்முறை நுழைந்தபோது சிரித்துவிட்டான்.

"ஏமய்யா சம்பத்து, பாகலேதா?" என்றான் சிட்டிபாபு, முகம் சுருங்க.

"பாக்க நல்லாத்தான் கீது நாயுடு. கல்யாண வூடு மாதிரி வெளிச்சம் போட்டிருக்க. அங்க மூஞ்சி தெரியாது. அப்பால இந்தச் சக்கரம் பாரு, விரலால சுத்தினா சுத்துது. வெளிய இம்மாந்தண்ணி அழுத்தும் இல்ல? தோள்பட்டை கழண்டு போவணும்."

சிட்டிபாபு கோபித்துக்கொள்ளவில்லை. சக்கரத்துக்குப் பின்னால் பாரம் கட்டினான். விளக்குகளுக்குச் சிவப்புக் கண்ணாடி போட்டான். ஆழம் காட்டும் முள் வழவழவென்று இறங்குகிறது, நிஜத்தில் அது திக்கித் திக்கித்தான் இறங்கும் என்று சம்பத் சொன்னதும் அதையும் திக்க வைத்தான். வாசனை இல்லை என்றான் சம்பத். டீசல், வியர்வை, வேகவைத்த முட்டைகோஸ், காயாத கம்பளி எல்லாம் கலந்த ஒரு நாற்றம் வேண்டும். சிட்டிபாபு உள்ளே கோஸ் வேகவைத்து, வேலையாட்களின் போர்வையை நனைத்துப் போட்டான். மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்த நெம்புகோல்காரர்களைப் பார்த்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சிரிப்பெல்லாம் அந்த நாளோடு சரி.

வாரா வாரம் சம்பத் வருவான். கதவை மூடிக்கொண்டு உள்ளே உட்காருவான். வெளியே நாலு பேரும் தரையைச் சரிப்பார்கள். ஓர் அறை நிஜம் போல இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? கண்ணை நம்பக் கூடாது என்பது அவன் கண்டுகொண்டது. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் வால்வு இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். உடம்புக்குத்தான் பழைய இடம் நினைவிருக்கும். அப்படித் தடவித் தடவித்தான் ஒவ்வொன்றையும் சொன்னான். பேசுகுழாயை இடப்பக்கம், நெஞ்சு உயரத்தில் வைக்கச் சொன்னான். அது மற்ற அறைகளோடு பேசுகிற பித்தளைக் குழாய். இங்கே மற்ற அறை ஏது? பார்வைக்காகச் சுவரில் பொருத்தி, மறுமுனையை மரக்கட்டையால் அடைத்துவிட்டான் சிட்டிபாபு.

ஒரு நாள் பிற்பகல். வெளியே நல்ல வெயில். சம்பத் வெளியே வந்ததும் சிட்டிபாபுவின் முதுகில் தட்டினான்.

"அது எப்பிடி நாயுடு பண்ண? காது அடைச்சுதே! அசல் அப்பிடியே கீது."

"காதா?"

"கீழ எறங்க எறங்க காது உள்பக்கமா அமுங்குது இல்ல? காத்தை எப்பிடி அழுத்தின?"

சிட்டிபாபு அவனையே பார்த்தான். "நேனேமி சேயலேது சம்பத்து, ஒண்ணும் பண்ணல. அது வெறும் தகரம். அங்கங்க ஓட்டை உண்டு. காத்தை எப்பிடி அழுத்தறது?"

இருவரும் உள்ளே போனார்கள். விளக்கைப் பிடித்துப் பார்த்தார்கள். இரும்புச் சுவர் நெடுக வியர்த்திருந்தது. அடுப்புச் சூட்டில் வியர்க்கும்தான். சம்பத் ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தான்.

உப்பு.

சிட்டிபாபுவும் வைத்துப் பார்த்தான். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், வேர்க்கடலைக் கொல்லையைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றான். பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோல, "அந்த ஆழ மீட்டர் விளிம்புல ஒரு சொட்டை போடச் சொன்னியே, அது எதுக்கு? எல்லா சப்மரின்லயும் அப்பிடி சொட்டை உண்டுதா?" என்றான்.

சம்பத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

எல்லாக் கப்பலிலும் இல்லை. ஒரே ஒரு கப்பலில்தான். முனிகிருஷ்ணனின் கையிலிருந்து ஸ்பானர் நழுவி விழுந்து மீட்டர் விளிம்பு சொட்டையானது. இன்ஜினியர் துரை பார்ப்பதற்குள் அண்ணனும் தம்பியும் அதன்மேல் துணியைத் தொங்கவிட்டு மறைத்தார்கள். எத்தனையோ கப்பலில் வேலை பார்த்தவன், ஏதோ ஒரு கன்ட்ரோல் ரூமைச் சொல்லியிருக்கலாம். கையை நீட்டி நீட்டி, உடம்பு காட்டியபடியெல்லாம் சொல்லி, தம்பி போன அந்தக் கப்பலை அல்லவா ஆணிக்கு ஆணி கட்ட வைத்துவிட்டான்!

அடுத்த வாரம் வரக் கூடாது என்று நினைத்தான். வந்தான். வராமல் இருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

கதவை மூடினார்கள். சிவப்பு வெளிச்சம். தரை மெல்லச் சரிந்தது. முள் திக்கித் திக்கி இறங்கியது. காது அமுங்கியது. கோஸ் வாசனை, கம்பளி வாசனை, அவற்றுக்கு அடியில் யாரும் போடாத இன்னொரு வாசனை, பாசி பிடித்த கயிற்றினுடையது போல.

முழுக்கின்போது ஒரு வேலை முறை உண்டு. கப்பல் கீழே போனதும் ஒவ்வோர் அறையிலும் இருக்கும் பிட்டர் தான் முடுக்கிய இடத்தில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பேசுகுழாயில் கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்ல வேண்டும். இங்கிருப்பவன் "கேட்டுச்சி" என்று பதில் கொடுக்க வேண்டும். போகலாம் என்று இங்கிருந்து சொல்லும்வரை அங்கே நிற்பவன் தன் இடத்தை விட்டு நகரக் கூடாது. அது கடுமையான சட்டம்.

பேசுகுழாயில் டொக் டொக்கென்று இரண்டு முறை தட்டும் சத்தம்.

சம்பத் குழாய்ப் பக்கம் திரும்பினான்.

குழாய்க்குள் யாரோ மூச்சு விட்டார்கள். ஈரமான மூச்சு.

மறுமுனையில் மரக்கட்டை அடைத்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவன் கண்ணெதிரேதான் அடைத்தார்கள்.

"அண்ணா."

மெல்லிய குரல். இளசு. பதினாறு வருஷத்தில் ஒரு நாள்கூட வயது ஏறாத குரல்.

"அண்ணா, முன்ரூம். இங்க காஞ்சி கீது. கசிவு இல்ல."

சொல்லும்போதே அந்தக் குரலுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டும் இரைச்சல். குழாயின் வாயிலிருந்து ஒரு வாய் உப்புத் தண்ணீர் பொங்கி சம்பத்தின் சட்டையில் விழுந்தது.

"காஞ்சிதான் கீது அண்ணா. கேட்டுச்சா?"

கேட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். கதவை மோதித் திறந்துகொண்டு வெளியே வந்து, நெம்புகோல்காரர்கள் பார்க்க வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே விழுந்து, மண்ணைக் கையால் பிடித்துக்கொண்டு அழுதான். நாற்பதைத் தாண்டிய ஆண்பிள்ளை அப்படி அழுவதைப் பார்க்கக் கூசிக்கொண்டு அவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வீட்டில் சொல்லாமல் இருக்கத்தான் பார்த்தான். அந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படி மறைப்பது? சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தவனை, பரிமாறிய தாட்சாயணி கேட்டேவிட்டாள். அவன் சொன்னான். அவள் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"பேசுச்சா?"

"பேசுச்சிம்மா."

"நல்லா கீதாமா?"

இப்படி ஒரு கேள்வியை சம்பத் எதிர்பார்க்கவில்லை.

"செத்துப்போச்சி தாயே," என்றான். "எல்லாரும் பயந்துகினு சொல்லல. நான் சொல்றேன். அவன் எப்பவோ போயிட்டான். போலாம்னு யாரும் சொல்லாததால நின்ன எடத்துலயே நின்னுகினு கீறான். நான் போய் சொல்லிடறேன். அப்பால நாம முறைப்படி செய்யறத செஞ்சிடலாம். நீயும் எத்தினி நாளு இப்பிடி நடுவுல நிப்ப?"

"நான் சொல்றேன் மாமா."

"வேணாம்மா."

"எனக்குத் தாலி கட்டுன மனுசன். காகிதம்தான் வந்துது. நானு அனுப்பல. நானே அனுப்பறேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் மறுக்க முடியவில்லை. அடுத்த வாரம் இருவரும் ரேணிகுண்டாவில் வண்டி மாறி ஏர்பேட்டுக்குப் போனார்கள். தலையில் பூ வைத்திருந்தாள், மஞ்சள் பூசிக் குளித்திருந்தாள். வழியெல்லாம் சம்பத் அவளுக்கு ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்: "வேலை முடிஞ்சிடுச்சி, போ. அவ்ளோதான். அழக்கூடாது. பேர் சொல்லக்கூடாது. வேற ஒரு வார்த்தை சேத்துடாத. போ. அது போதும்."

"சரி மாமா."

சிட்டிபாபு பெண்பிள்ளையைப் பார்த்ததும் எழுந்து நின்றான். என்ன என்று கேட்கவில்லை. ஆட்களை அனுப்பிவிட்டு, நெம்புகோலைத் தான் ஒருவனாகவே அமுக்குவதாகச் சொன்னான். "ஜாக்கிரதம்மா," என்று மட்டும் சொன்னான்.

உள்ளே இருவர். கதவு மூடியது. வெளியே பகல் மூன்று மணி வெயில் தகரத்தைப் பொரித்துக்கொண்டிருந்தது, உள்ளே குளிர்ந்தது. தரை சரிந்தபோது தாட்சாயணி தடுமாறி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"காது வலிக்குது," என்றாள் கிசுகிசுப்பாக.

"எச்சிய முழுங்கு."

முள் இறங்கியது. நின்றது. திக்கியது. இறங்கியது.

தரையில் ஈரம். அவள் கால் கொலுசு வரை நனைந்திருந்தது. எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை.

டொக். டொக்.

தாட்சாயணி குழாயருகே போய்க் குனிந்தாள். பித்தளை வாய்க்கு முகத்தை அவ்வளவு பக்கத்தில் கொண்டுபோனாள்.

"அண்ணா, முன்ரூம். இங்க காஞ்சி கீது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணமான புதிதில் சில மாதங்கள் கேட்ட குரல். அதை மறந்துவிட்டோம் என்று எத்தனையோ நாள் அவள் பயந்திருக்கிறாள், மறக்கவே இல்லை.

"கேட்டுச்சிங்க," என்றாள்.

தண்ணீர் இரைச்சல் நின்றது.

பிறகு, நம்ப முடியாதவன் போல, மெதுவாக ஒரு கேள்வி.

"தாட்சாயணி?"

"ஆமாங்க."

"நீ எப்பிடி இங்க வந்த? பொம்பளைங்கள உள்ள வுட மாட்டாங்களே."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சம்பத் கையை ஆட்டினான். சொல்லு, சொல்லிவிடு.

"வேலை முடிஞ்சிடுச்சிங்க," என்றாள். குரல் நடுங்கவில்லை. சொல்லிக் கொடுத்ததைச் சரியாகத்தான் சொன்னாள். "நீங்க நிக்க வேணாம். நீங்க..."

அடுத்தது ஒரே எழுத்து. உலகத்திலேயே சின்ன வார்த்தை அதுதான்.

நம் வீட்டில் யாராவது வாசலைத் தாண்டுகிறவரைப் பார்த்து அந்த வார்த்தையை மொட்டையாகச் சொல்வார்களா? பால்காரனைக்கூடச் சொல்ல மாட்டோம். பிறந்ததிலிருந்து நாக்கு பழகிய பழக்கம் ஒன்று இருக்கிறது. சாவு வீட்டில் மட்டும்தான் அது மாறும். இவளோ புருஷனுக்கு ஒரு சாவு வீட்டையே பார்க்காதவள். கட்டியவனைப் பார்த்து, அதுவும் கடைசியாகப் பார்த்து, எப்படிச் சொல்லுவாள்?

"நீங்க போயிட்டு வாங்க," என்றாள் தாட்சாயணி.

சம்பத் அவள் வாயைப் பொத்தக் கையை நீட்டினான், அதற்குள் சொல்லியாகிவிட்டது.

குழாயில் ஒரு சிரிப்பு. சந்தோஷமான சிரிப்பு. "சரி, வரேன்," என்றது அந்தக் குரல்.

விளக்கு அணைந்தது. இருட்டில் யாரோ இருவருக்கும் நடுவே நடந்து போனதுபோல ஈரக்காற்று ஒன்று உரசிவிட்டுப் போனது. மூடிய கதவு மூடியபடியே இருந்தது. வெளியே நெம்புகோலைப் பிடித்திருந்த சிட்டிபாபு ஐயோ என்று கத்தினான்.

அவர்கள் வெளியே வந்தபோது அவன் தரையைக் காட்டிக்கொண்டு நின்றான். கொட்டகை வாசலிலிருந்து ரயில் பாதை பக்கமாக, காய்ந்த செம்மண்ணில் ஈரக் காலடிகள். வெறுங்கால். கொஞ்ச தூரம் போனதும் வெயில் அவற்றைக் குடித்துவிட்டது. தண்டவாளம் போகிற திசை ரேணிகுண்டா. அங்கிருந்து புத்தூர், அப்புறம் நகரி.

சிட்டிபாபு அடுத்த வாரமே அறையைப் பிரித்துப் போட்டான். பெரிய மனிதர் கேட்டதற்கு, தன்னால் நிஜம் போலச் செய்ய முடியவில்லை என்று சொல்லிவிட்டானாம். தகட்டை லாரிக்கு அடித்தான், மரத்தை எரித்தான். பேசுகுழாயை மட்டும் யாருக்கும் விற்காமல் சுவர்ணமுகி ஆற்றில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, தலை முழுகிவிட்டு வீட்டுக்குப் போனான்.

நகரியில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். சம்பத் மூச்சு விட்டான். காரியம் செய்யப் புரோகிதரைக்கூட விசாரித்து வைத்தான். ஆனால் தாட்சாயணியிடம் பேச்சை எடுத்தால், "அப்பறம் பாக்கலாம் மாமா," என்று நழுவிவிடுவாள். சித்திரைக்கு முன்னால் கோடு போட்டே விட்டார்கள். திருத்தணி அந்தப் பக்கம் போய்விட்டது. அவள் தம்பி வண்டி கட்டிக்கொண்டே வந்து நின்றான். வெறும் வண்டியோடுதான் திரும்பினான்.

"ஏன்மா போவல?" என்று கேட்பதற்காக சம்பத் பின்கட்டில் இருக்கும் அவள் பாகத்துக்குப் போனான். மத்தியான நேரம். தெருவில் தறிச் சத்தம் சாப்பாட்டுக்காக நின்றிருந்தது. தாட்சாயணி கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவன் வந்ததைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

வாசலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம்.

கதவு திறந்துதான் இருந்தது. வெயில் தெரிந்தது, பின்வீட்டுச் சுவர் தெரிந்தது. ஆள் யாரும் தெரியவில்லை. படியில் மட்டும் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

"அத்தே, தாட்சாயணி இல்லீங்களா?"

குழாயில் கேட்ட அதே இளசுக் குரல்.

"இல்ல நைனா," என்றாள் தாட்சாயணி, எழுந்திருக்காமலே. ரொம்ப நாளாகப் பழகிப்போன பதில் போல வந்தது. "கோயிலுக்குப் போயிருக்குது."

"அப்ப நான் போயிட்டு வரேன் அத்தே."

"சரி நைனா."

சொட்டுச் சத்தம் நின்றது. தெருவில் ஒரு தறி மறுபடியும் ஓட ஆரம்பித்தது. அவள் எழுந்து போய்ப் படியைத் துணியால் துடைத்தாள், துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். கொடி நெடுக அப்படிப்பட்ட துணிகள் உப்புப் பூத்துக் காய்ந்துகொண்டிருந்தன.

"தினமுமா வருது?" என்றான் சம்பத்.

"தினமும்தான். எங்கம்மான்னு நெனச்சிக்குது. எங்கம்மா போய் சேர்ந்தது அதுக்குத் தெரியாதில்ல." அவள் சிரிக்கப் பார்த்தாள். "மொத நாளு ஓடிப்போய், நான்தாங்க தாட்சாயணின்னு சொன்னேன் மாமா. நல்லாப் பாத்துது போல. அப்பால சிரிச்சிக்கினே, அத்தைக்கு எப்பவும் கேலிதான்னு சொல்லிட்டுப் போயிடுச்சி."

"போன்னு சொல்லிடும்மா. இப்பவாச்சும் சொல்லிடு."

"எப்பிடி மாமா சொல்றது? பொண்டாட்டியத் தேடிக்கினு அவ்ளோ தூரம் நடந்து வருது."

அவள் மறுபடியும் கண்ணாடி முன்னால் போய் உட்கார்ந்தாள். சீப்பை எடுத்து, காதோரம் நரைத்த முடியைக் கறுப்பு முடிக்கு அடியில் தள்ளித் தள்ளி மறைத்தாள். அது நிற்கவில்லை. நழுவி நழுவி வெளியே வந்தது. சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பி, முகத்தை வெளிச்சத்துக்கு நேராகக் காட்டினாள்.

"நீங்க சொல்லுங்க மாமா. அது இருந்தப்ப இருந்த மாதிரி ஏதாச்சும் கீதா எம்மூஞ்சில? ஒண்ணே ஒண்ணு கீதா?"

எது அசல், எது போலி என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்ன சம்பத்துக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டும் பதில் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

"கீதும்மா," என்றான். "எல்லாம் அப்பிடியே கீது."

அவள் நம்பினாள். நம்ப வேண்டியிருந்தது. ஆணியில் மாட்டியிருந்த பூச்சரத்தை எடுத்துத் தலையில் வைத்து, புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி போய் வாசலுக்கு நேராக நின்றாள்.

காய்ந்திருந்த படியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

"அத்தே..."